அரசன் படுக்கையில் விழுந்தால்

1740 அக்டோபரில் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் விரும்பிச் சாப்பிட்ட காளான் உணவு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், அதிலிருந்து சில நாள் படுக்கையில் கிடந்து அந்த மாதம் 20ஆம் தேதி வியன்னாவில் உயிர்விட்டார் என்றும் சொல்வார்கள். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. 23 வயதான மகள் மரியா தெரசாவின் உரிமையை ஏற்பதாக வாக்களித்திருந்த அரசுகளில் சில, வாக்கைக் காற்றில் விட்டன. பிரஷ்யாவின் இளம் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் டிசம்பர் 16 அன்று சிலேசியாவுக்குள் படையோடு நுழைந்தார். அப்போது மூண்ட போர் 1748 வரை ஓயவில்லை. அந்தக் காளான் தட்டு ஐரோப்பாவின் தலைவிதியையே மாற்றிவிட்டதாக வால்டேர் எழுதியதிலிருந்து, அரசர்களின் வயிற்றையும் வரலாற்றையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் எடுப்பது இந்தக் கதையைத்தான்.

சுவையான கதை என்பதில் ஐயமில்லை. ஆனால் காளானின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தம் நிலப்பரப்புகள் பிரியாமல், மகன் இல்லாவிட்டால் மகளுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற ஆணையைச் சார்லஸ் வெளியிட்டது 1713இல். அதன்பின் 27 ஆண்டுகள் அரசு அரசாகச் சென்று ஒப்புதல் கையெழுத்து வாங்குவதில் அவர் காட்டிய அக்கறையைக் கருவூலத்திலும் படையிலும் காட்டவில்லை. துருக்கியரோடு நடந்த போரில் 1739இல் பெல்கிரேடும் கைவிட்டுப் போனது. மறுபுறம், ஃபிரெடரிக்குக்கு அவர் தந்தை விட்டுப்போனது நிரம்பிய கருவூலமும் 80,000 பேர் கொண்ட படையும். பேரரசர் அன்று காளானை ஒதுக்கிவிட்டு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்திருந்தாலும், மகளுக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடியது ஏறத்தாழ அதே நிலைமைதான். (இந்தக் கதையில் யாரும் கவனிக்காத இன்னோர் உடம்பு உண்டு. சார்லஸ் இறந்த செய்தி வந்தபோது ஃபிரெடரிக்கும் முறைக்காய்ச்சலில் கிடந்தார். சிங்கோனாப் பட்டையை விழுங்கிக் காய்ச்சலை அடக்கிவிட்டுத்தான் போர்த்திட்டத்தில் உட்கார்ந்தார்.)

ஓர் அரசன் இறந்துவிட்டால் அடுத்து என்ன என்பதற்கு எல்லா நாடுகளிலும் ஏதாவது ஒரு முறை இருந்தது. மூத்த மகன், தேர்ந்தெடுக்கும் அவை, வாள் வலிமை என்று முறைகள் மாறலாம்; மீறப்படலாம்; ஆனால் இருக்கை காலியாகிவிட்டது என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. சாகாமலும் ஆளாமலும் கிடக்கிற அரசனுக்கு மட்டும் பெரும்பாலான முடியாட்சிகளில் முறை எதுவும் இல்லை. ஆணைகள் அவன் பெயரில் போயாக வேண்டும், ஆனால் அவனால் எழுதுகோலைப் பிடிக்க முடியாது. படை அவன் சொல்லுக்குக் காத்திருக்கிறது, ஆனால் அவன் என்ன சொன்னான் என்பதைப் படுக்கையறைக் கதவருகே நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். மன்னனே உலகுக்கு உயிர் என்று நம் பழம்புலவர்கள் பாடினார்கள். அந்த உயிர் போகவும் போகாமல் செயல்படவும் செய்யாமல் இருக்கிற இடைக்காலத்தில் என்ன நடக்கும் என்பதே என்னைப் பல ஆண்டுகளாக ஈர்த்து வந்திருக்கிறது. அரசர்களின் நோயும் நாக்கும் வரலாற்றைத் திருப்பியிருந்தால், அவர்கள் செத்த நாளில் திருப்பியதைவிட இந்த இடைக்காலங்களில் திருப்பியதே அதிகம் என்பது என் எண்ணம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று இன்னொரு சார்லஸ், ஐந்தாம் சார்லஸ். 1500இல் கெண்ட் நகரில் பிறந்தவர். ஸ்பெயின், நெதர்லாந்து, இத்தாலியின் பெரும்பகுதி, ஜெர்மானியப் பேரரசு, கடலுக்கு அப்பால் அமெரிக்க நிலங்கள் ஆகிய அனைத்தும் ஒரே தலையில் வந்து சேர்ந்த மனிதர். அந்தத் தலையின் அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கே உரிய துருத்திய கீழ்த்தாடையால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சந்திக்கவில்லை. உணவை நன்றாக மென்று தின்ன அவரால் முடியாது. ஆனால் பசிக்கும் ஆசைக்கும் குறைவில்லை. இறைச்சி, விலாங்கு மீன், நெத்திலி, சிப்பி, மசாலா தூக்கலான பண்டங்கள், குளிரூட்டிய பியர் என்று அவருடைய உணவுப் பட்டியல், இன்று ஒரு மருத்துவர் யூரிக் அமிலம் ஏறிய நோயாளியிடம் தொடவே தொடாதீர்கள் என்று கொடுக்கும் பட்டியலோடு அப்படியே பொருந்தும். ஆங்கிலேய அறிஞர் ரோஜர் ஆஸ்கம் விருந்தொன்றில் அவரைப் பார்த்துவிட்டு, கிண்ணத்துக்குள் அவர் தலை இருந்த நேரம் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்று குறித்துவைத்தார். நற்கருணை பெறுமுன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்துகூடப் போப்பாண்டவரிடம் விலக்கு வாங்கி வைத்திருந்தார் பேரரசர்.

கவுட் எனப்படும் கீல்வாதம் அவரை முதலில் தாக்கியது 1528இல், அதாவது 28 வயதில். இறைச்சியிலும் கடல் உணவிலும் பியரிலும் மிகுதியாக உள்ள பியூரின்கள் உடலில் சிதைந்து யூரிக் அமிலமாகின்றன. சிறுநீரகம் வெளியேற்றும் அளவைவிட அது கூடும்போது, ஊசிபோன்ற படிகங்களாக மூட்டுகளில் படிகிறது. அந்த மூட்டின்மேல் போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி உண்டாகும். உணவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, மரபுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் வாயைக் கட்டியிருந்தால் அவருடைய வலி ஓரளவாவது குறைந்திருக்கும். அதைச் சொல்ல ஆளில்லாமலும் இல்லை; மருத்துவர்கள் சொன்னார்கள், பாவமன்னிப்புக் குருவாக இருந்த லோயசா ரோமிலிருந்து கடிதம் கடிதமாக எழுதினார். பேரரசர் கேட்கவில்லை. அவர் இறந்து நெடுங்காலம் கழித்து, தனியே பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய சுண்டுவிரல் துண்டு ஒன்றை ஸ்பெயின் ஆய்வாளர்கள் நுண்நோக்கியில் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டை அரித்துத் தின்றிருந்த யூரேட் படிகக் குவியல்கள் அதில் அப்படியே இருந்தன. நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அரசவைத் தூதர்களின் முணுமுணுப்புக்கு இவ்வளவு நேரடியான மருத்துவச் சான்று கிடைப்பது அரிது.

அந்த விரல் அரசியலை எங்கே தொட்டது? 1552ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் சாக்சனியின் மோரிஸ் திடீரென்று எதிரியாகி இன்ஸ்ப்ரூக்கை நெருங்கியபோது, குதிரையில் ஏற முடியாத பேரரசரை மழை பெய்யும் இரவில் பல்லக்கில் வைத்து மலைகளைத் தாண்டித் தூக்கிச் சென்றார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் டிஷியன் வரைந்த ஓவியத்தில், ஈட்டியும் கவசமுமாகக் கருங்குதிரையின் மேல் அமர்ந்திருக்கும் வீரர் இதே ஆள்தான். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மெட்ஸ் நகரை மீட்கப் பெரும்படையோடு புறப்பட்டார். வாதம் வழியிலேயே அவரைக் கிடத்திவிட்டது. முற்றுகைப் பாசறைக்கு அவர் வந்து சேர்ந்தது நவம்பர் 20 அன்று. அதற்குள் குளிர் இறங்கிவிட்டது. கூடாரங்களில் நோய் பரவியது. படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஆண்டு முடியும்போது முற்றுகையைக் கைவிட நேர்ந்தது. மெட்ஸ் பிரான்சின் கையிலேயே தங்கிவிட்டது.

தோல்விக்கு முழுப் பொறுப்பையும் பேரரசரின் கால்மூட்டில் சுமத்துவது காளான் கதையைப் போன்ற தவறாகிவிடும். நகரைக் காத்த கீஸ் கோமகன் திறமைசாலி. பருவம் பிந்தித் தொடங்கிய முற்றுகை எந்தத் தளபதிக்கும் கடினமானது. ஆனால் மெட்ஸுக்குப் பிந்தைய மாதங்களில் நடந்தது முழுக்க முழுக்க உடம்பின் கதை. பிரஸ்ஸல்ஸில் அவர் அறைக்குள் முடங்கினார். கையெழுத்துக்கு வந்த தாள்கள் கிடப்பில் கிடந்தன. பேரரசர் கடிகாரங்களைப் பிரித்து மாட்டுவதிலேயே பொழுதைக் கழிக்கிறார் என்று செய்தி பரவியது. ஐரோப்பாவின் பாதி அந்த அறைக்கதவு திறப்பதற்குக் காத்திருந்தது. தங்கை மரியாள் நெதர்லாந்தையும் தம்பி ஃபெர்டினாண்ட் ஜெர்மனியையும் கவனித்துக்கொண்டதால்தான் வண்டி ஓடியது. லூத்தரன்களுக்குச் சட்ட இடம் அளித்த 1555 செப்டம்பரின் ஆக்ஸ்பர்க் உடன்பாட்டைச் செய்து முடித்தவரும் ஃபெர்டினாண்ட்தான். சார்லஸ் திடமாக இருந்திருந்தால், தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்த ஒன்றை ஏற்கும் அந்த மேசைக்குத் தம்பியைத் தனியே அனுப்பியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு அவர் செய்த காரியத்துக்காகவே நான் அவரை மதிக்கிறேன். 1555 அக்டோபர் 25 அன்று பிரஸ்ஸல்ஸில் இளம் ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் தோளைப் பிடித்துக்கொண்டு அவைக்குள் நடந்து வந்தார். ஜெர்மனிக்கு ஒன்பது, ஸ்பெயினுக்கு ஆறு, இத்தாலிக்கு ஏழு, நெதர்லாந்துக்குப் பத்து என்று தம் பயணங்களை எண்ணிச் சொல்லி, இனி உடம்பு இடங்கொடுக்காது என்று அறிவித்து, ஆட்சியை மகன் ஃபிலிப்பிடம் ஒப்படைக்கத் தொடங்கினார். பேரரசுப் பட்டம் பின்னர்த் தம்பிக்குப் போனது. ஆளமுடியாத அரசனுக்கு விதி இல்லாத உலகில், அவர் தமக்கென்று ஒரு விதியைத் தாமே எழுதிக்கொண்டார். மகனுக்கும் தம்பிக்கும் இடையே பங்கு பற்றிய கசப்பு ஏற்கெனவே இருந்தது. அவர் திடீரென்று செத்திருந்தால் அது எப்படி வெடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆக, பேரரசரின் கீல்வாதம் ஒரு நகரை இழக்க உதவியது, ஒரு சமரசத்துக்கு வழிவிட்டது, ஒழுங்கான ஒரு கைமாற்றத்தையும் கொண்டுவந்தது. நோய் எப்போதும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை.

யுஸ்டே மடத்துக்குப் பக்கத்தில் ஓய்வுக்குப் போனபின்னும் நாக்கு அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வல்லாடோலிடிலிருந்து லிஸ்பனுக்குப் போகும் தபால்காரர் வழியை மாற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை நோன்புக்காக வியாழக்கிழமைதோறும் மீன் கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்தது. காலைக் குஷன் வைத்த நாற்காலியில் நீட்டியபடி அவர் அவற்றைச் சாப்பிடுவதைப் பார்த்த மேற்பார்வையாளர் கிஹாடா, அரசர்கள் தங்கள் வயிறு மற்றவர் வயிற்றைப் போல் ஆனதன்று என்று எண்ணிக்கொள்கிறார்கள் போலும் என்று கடிதத்தில் அலுத்துக்கொண்டார். 1558 செப்டம்பரில் சார்லஸ் இறந்தது மலேரியாவால். அந்தச் சாவு எந்த எல்லைக்கோட்டையும் நகர்த்தவில்லை. நகர வேண்டியதெல்லாம் முன்பே நகர்ந்துவிட்டிருந்தது.

பெருந்தீனிக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் காட்டும் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியை நான் விரைவாகக் கடந்துவிட விரும்புகிறேன். 1536 ஜனவரியில் குதிரையிலிருந்து விழுந்ததும், ஆறாத கால்புண்ணும், பெருத்த உடம்பும் அவரைக் கொடுங்கோலராக்கின என்ற வாதம் பிரபலமானது. ஆனால் ரோமோடு உறவை அறுத்துத் திருச்சபைக்குத் தாமே தலைவராகும் சட்டத்தை அவர் நிறைவேற்றியது 1534இல். தாமஸ் மோரின் தலை உருண்டது 1535இல். விழுவதற்கு முன்பே செய்துமுடித்த செயல்களுக்கு விழுந்ததைக் காரணம் காட்ட முடியாது.

முகலாயர்களிடம் வந்தால், அரசனின் பழக்கம் அவன் எழுத்திலேயே பதிவாகியிருக்கும் அரிய வாய்ப்பு கிடைக்கிறது. ஜஹாங்கீர் தம் குடியைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதினார். 18 வயதில் தொடங்கியது. சில ஆண்டுகளில் திராட்சை மது போதாமல் போய், இருமுறை வடித்த சாராயத்துக்கு மாறி, நாளொன்றுக்கு இருபது கிண்ணம் வரை போனது. கை நடுங்கியதால் கிண்ணத்தை வேறொருவர் பிடித்து ஊட்ட வேண்டியிருந்தது. இப்படியே போனால் ஆறே மாதத்தில் மீட்க முடியாத நிலை வந்துவிடும் என்று ஹக்கீம் ஹுமாம் எச்சரித்தபின், ஏழாண்டுகளில் மெல்ல மெல்ல ஆறு கிண்ணமாகக் குறைத்தாராம். அபின் தனிக்கணக்கு.

அவர் அரியணை ஏறியதற்கே குடிதான் ஒரு காரணம் என்பது இதிலுள்ள விந்தை. அக்பரின் மூன்று மகன்களில் முராது 1599இல் குடியால் இறந்தார். தானியாலை அந்த விதியிலிருந்து காப்பாற்ற அக்பர் காவல் போட்டு, மது உள்ளே போகாமல் தடுத்துப் பார்த்தார். தானியால் தம் வேட்டைத் துப்பாக்கிகளில் ஒன்றுக்குப் பாடைக்கு நிகரானது என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார். காவலர்களை ஏமாற்ற, அந்தத் துப்பாக்கியின் குழாய்க்குள்ளேயே சாராயத்தை ஊற்றிக் கொண்டுவரச் செய்தார். வெடிமருந்துப் புகையும் துருவும் கரைந்த அந்தச் சாராயத்தைக் குடித்துப் படுக்கையில் விழுந்தவர் எழவில்லை. அது 1605. அதே ஆண்டு அக்டோபரில் அக்பர் வயிற்றுப்போக்கால் இறந்தபோது, தந்தைக்கு எதிராகப் பல ஆண்டுகள் கலகம் செய்திருந்த சலீமைத் தவிர உயிரோடிருந்த மகன் வேறு எவரும் இல்லை. மூன்று குடிகாரர்களில் உடம்பு தாங்கியவர் ஜஹாங்கீர் ஆனார்.

ஆட்சியின் பிற்பகுதியில் ஆஸ்துமாவும் தளர்ச்சியும் அவரைப் பிடித்தன. படுக்கையறைக் கதவருகே நின்றவர் மனைவி நூர்ஜஹான். திறமையுள்ளவர், தம் பெயரில் நாணயம் வெளியிட்டவர். பழைய வரலாற்றாசிரியர்கள் அவர்மேல் கொட்டிய பழியில் பாதி, பெண் என்பதற்காகவே கொட்டப்பட்டது என்றுதான் நான் படிக்கிறேன். ஆனால் அரசர் தளர்ந்துவிட்டார், அடுத்தது யார் என்பதை அரண்மனையே முடிவுசெய்யப்போகிறது என்ற அச்சம் உண்மையானது. 1622இல் இளவரசர் குர்ரம் கந்தஹாருக்குப் போக மறுத்ததில் அந்த அச்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு: தலைநகரிலிருந்து தொலைவில் இருக்கும்போது தந்தை கண்ணை மூடிவிட்டால் என்ன ஆவது? அவர் கலகத்தில் இறங்கினார், கந்தஹார் பாரசீகர் கைக்குப் போனது. 1626இல் ஜீலம் ஆற்றங்கரையில் தளபதி மகாபத் கான் பேரரசரையே சிறைபிடித்து வைத்துக்கொண்ட கூத்தும் இதே நிலையற்ற காலத்தின் விளைவுதான்.

அந்தக் குர்ரம்தான் ஷாஜஹான். தந்தையைப் பார்த்துப் பாடம் படித்தவர்போலக் குடியை ஒதுக்கினார். ஆனால் 1657 செப்டம்பரில், 65 வயதில், டெல்லியில் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது; கால்கள் வீங்கின; காய்ச்சல் அடித்தது; ஒரு வாரம் திட உணவு இறங்கவில்லை. நாள்தோறும் காலையில் ஜரோகா என்னும் மாடத்தில் நின்று மக்களுக்கு முகம் காட்டுவது முகலாய வழக்கம். பேரரசர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அதுவே அன்றாடச் சான்று, அது நின்றுபோனது. மூத்தமகன் தாரா ஷிகோ தந்தையின் அருகிலேயே இருந்து பார்த்துக்கொண்டார். ஆனால் செய்தி கசியாமல் இருக்க, தம்பியரின் முகவர்களைக் கண்காணித்து, வங்காளம், குஜராத், தக்காணம் போகும் சாலைகளில் தூதர்களைத் தடுத்து நிறுத்தினார். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய இயல்பான முன்னெச்சரிக்கைதான் அது. ஆனால் கடிதம் வராத ஒவ்வொரு நாளும் தொலைவிலிருந்த மூன்று மகன்களுக்கும் ஒரே பொருளைத்தான் சொன்னது. ஷுஜா வங்காளத்தில் முடிசூடிக்கொண்டார். முராத் பக்ஷ் குஜராத்தில் முடிசூடிக்கொண்டார். ஔரங்கசீப் முடிசூடாமல் படை திரட்டினார்.

இதற்குள் ஷாஜஹான் தேறிவிட்டார் என்பதுதான் இந்தக் கதையின் உச்சம். மாடத்தில் வந்து நின்றார். ஆக்ராவுக்குப் பயணம் போனார். நலமாக இருக்கிறேன் என்று கடிதங்களும் எழுதினார். மகன்கள் அவற்றை நம்பவில்லை, அல்லது நம்பாததுபோல் காட்டிக்கொண்டார்கள். தந்தையின் கையெழுத்தைப் போலவே எழுதத் தாராவுக்குத் தெரியும், இவை அவர் எழுதியவை என்று சொல்லிவிட்டார்கள். அவர் உயிரோடிருந்தது தாராவுக்கு உதவவில்லை, கையைத்தான் கட்டியது. ஔரங்கசீப்பைத் தடுக்கப் போன ஜஸ்வந்த் சிங்குக்கு, கூடுமானவரை இளவரசர்களுக்குத் தீங்கு நேராமல் திருப்பி அனுப்பிவிடு என்பதே பேரரசர் இட்ட கட்டளை. அப்படிப்பட்ட கட்டளையோடு எந்தத் தளபதி போரில் வெல்வார்? 1658இல் தர்மத் என்ற ஊரிலும் பின் சாமுகரிலும் ஔரங்கசீப் வென்றார். தந்தையை ஆக்ரா கோட்டையில் அடைத்தார். அரியணை ஏறியபோது, தந்தை இருக்க மகன் பெயரில் குத்பா என்னும் தொழுகை உரையை ஓத முடியாது என்று தலைமைக் காஜி மறுத்ததால், ஆளையே மாற்ற வேண்டி வந்தது. 1657இல் செத்துவிடுவார் என்று நாடே எதிர்பார்த்தவர், நித்திய கண்டம் பூரண ஆயுசு என்பதுபோல 1666 ஜனவரி வரை இருந்து, 74ஆம் வயதில் மறைந்தார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1659இல், தாரா கொல்லப்பட்டுவிட்டிருந்தார்.

ஷாஜஹான் அன்றே இறந்திருந்தாலும் வாரிசுப் போர் நடந்திருக்கும். மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி முகலாயரிடம் இல்லை. ஆனால் தலைநகரும் கருவூலமும் தாராவின் கையில் இருந்த நேரம் அது. உடனே முடிசூடி, தம் பெயரில் ஆணையிட்டு, தளபதிகளைத் தயக்கமின்றிப் போரிட அனுப்பியிருக்கலாம். தந்தை பிழைத்ததால் அவர் அரசராகவும் முடியவில்லை, வெறும் மகனாக இருக்கவும் முடியவில்லை. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த அந்த மனிதர் ஆண்டிருந்தால் இந்தியா எப்படி இருந்திருக்கும் என்று கற்பனையை ஓடவிடுகிறவர்களோடு நான் முழுவதும் போவதில்லை. அவர் நல்ல படைத்தலைவர் அல்லர், அவையினரை அரவணைத்துப் போகவும் தெரியாதவர். இருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நியாயமான வாய்ப்பை ஒரு வார நோய் பறித்துவிட்டது.

ஜெர்மனியின் மூன்றாம் ஃபிரெடரிக்கின் தொண்டைப் புற்றுநோயும் இதேபோல் பெருமூச்சோடு பேசப்படுவதுதான். 1887 மேயில் பெர்க்மன் முதலிய ஜெர்மானிய மருத்துவர்கள் குரல்வளையில் அறுவை செய்ய ஆயத்தமானார்கள், இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சி திசுவை ஆராயச் சொன்னார், நோயியல் அறிஞர் விர்ச்சோ அதில் புற்று இல்லை என்றார், அறுவை நின்றது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயைத் துளைத்துக் குழாய் செருக வேண்டிவந்தது. மார்ச் 9 அன்று 90 வயதுத் தந்தை இறந்து இவர் பேரரசரானபோது பேச்சு முற்றிலும் போய்விட்டிருந்தது. காகிதத் துண்டுகளில் எழுதிக்காட்டித்தான் ஆண்டார். 99 நாளில் ஆட்சி முடிந்தது. 29 வயது மகன் இரண்டாம் வில்லியம் வந்தார். தாராளவாத மனம் கொண்ட ஃபிரெடரிக் பிழைத்திருந்தால் 1914இன் போரே வந்திருக்காது என்பார்கள். அந்த 99 நாளில் அவர் செய்த குறிப்பிடத்தக்க செயல், பிற்போக்காளரான உள்துறை அமைச்சர் புட்காமரை நீக்கியது ஒன்றுதான். ஆட்சியைக் கையில் வைத்திருந்த தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கை அசைக்கவும் அவர் முயலவில்லை. எழுதிக்காட்டும் ஒருவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் செய்யாத ஆட்சியை நற்சான்றோடு நிரப்புவது எளிது என்பதையும் மறக்கலாகாது.

நோயாளி அரசனுக்கு விதி எழுதும் வேலையில் முதலில் திணறி, பிறகு ஓரளவு தேறிய நாடு பிரிட்டன். 1788 இலையுதிர் காலத்தில் மூன்றாம் ஜார்ஜுக்கு மனம் பேதலித்தது. நிறுத்தாமல் மணிக்கணக்காகப் பேசினார், கட்டிவைக்க வேண்டியிருந்தது. மூத்த மகனான இளவரசருக்குப் பிறப்புரிமையாகவே ஆட்சிப்பொறுப்பு உண்டு என்று வாதாடியவர், நாடாளுமன்ற உரிமைக்காகவே வாழ்ந்த எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸ். இல்லை, நாடாளுமன்றம்தான் வரையறுக்க வேண்டும் என்றவர் அரசரின் ஆளான பிரதமர் பிட். இருவரும் தத்தம் கொள்கையை இடம் மாற்றிக்கொண்டதற்குக் காரணம் எளியது: இளவரசர் வந்தால் ஃபாக்ஸ் அமைச்சராவார். மசோதா நிறைவேறுமுன் 1789 பிப்ரவரியில் அரசர் தெளிந்துவிட்டார். ஆனால் அந்த வரைவு வீணாகவில்லை. நோய் மீண்டும் வந்து தங்கிவிட்டபோது, 1811இன் பதிலாட்சிச் சட்டம் அதையொட்டியே வந்தது. நெப்போலியனோடு உயிர்ப்போராட்டத்தில் இருந்த நாடு, பேதலித்த அரசரோடு ஒன்பது ஆண்டுகள் பெரிய குழப்பமின்றி நடந்தது.

ஸ்வீடனில் வேறுமாதிரி நடந்தது. அங்கே அடால்ஃப் ஃபிரெடரிக் அரசருக்கு அதிகாரமே கிடையாது. அவர் கையெழுத்திட மறுத்தால் போட்டுக்கொள்ள அவர் பெயர் பொறித்த முத்திரையை 1756இலேயே ஆட்சிமன்றத்திடம் கொடுத்துவிட்டார்கள். எனவே அவர் எதைத் தின்றாலும் நாட்டுக்குக் கவலையில்லை. 1771 பிப்ரவரி 12 அன்று கடல் நண்டு, மீன்முட்டை, புளித்த முட்டைக்கோஸ், ஷாம்பெய்ன் எல்லாம் முடித்து, செம்லா என்னும் பாலில் மிதக்கும் இனிப்பு ரொட்டி பதினான்கையும் உள்ளே தள்ளிவிட்டு அவர் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. எண்ணிக்கையை யார் எண்ணினார்களோ! ஆனால் அடுத்து வந்த மகன் மூன்றாம் குஸ்தாவ், முத்திரையோடு திருப்தியடைகிறவர் அல்லர். 1772 ஆகஸ்டில் படையைக் கொண்டு நாடாளுமன்ற ஆட்சியைக் கவிழ்த்தார். வரலாற்றில் எங்கும் எடைபோடாத உடம்பு, போன பிறகுதான் எதைத் தடுத்து நின்றது என்று தெரிந்தது. என் வாதத்துக்கு இது எதிரான சான்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசியாக பிரிட்டனின் ஏழாம் எட்வர்ட். உணவில் ஐந்தாம் சார்லஸுக்குச் சளைக்காதவர், போதாததற்குச் சுருட்டும் உண்டு. 1902 ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா. உலகெங்குமிருந்து விருந்தினர்கள் லண்டனில் கூடிவிட்டார்கள். 24ஆம் தேதி அவருடைய குடல்வால் அழற்சிக்காக ஃபிரெடரிக் டிரீவ்ஸ் அரண்மனையிலேயே அறுவை செய்து சீழை வெளியேற்றினார். விழா தள்ளிப்போனது, விருந்துக்குச் சமைத்தவை ஏழைகளுக்குப் போயின. அரசர் படுக்கையில் இருந்த அதே நாட்களில், ஜூலை 11 அன்று, பிரதமர் சாலிஸ்பரி பிரபு பதவி விலகினார். அடுத்த நாளே பால்ஃபர் பொறுப்பேற்றார். யாரும் படை திரட்டவில்லை, எந்தச் சாலையும் அடைபடவில்லை. ஆகஸ்ட் 9 அன்று முடிசூட்டும் நடந்தது.

அந்த அறுவை தோற்றிருந்தால் எதுவும் மாறியிருக்காதா என்று கேட்டால், முழுமனதோடு ஆம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. 1903 மே மாதத்தில் எட்வர்ட் பாரிஸுக்குப் போனபோது, முதல்நாள் ஏளனக் குரல் எழுப்பிய தெருக்கள் அவர் கிளம்பும்போது வாழ்த்தொலி எழுப்பின. அடுத்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று பிரிட்டனும் பிரான்சும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. எகிப்தையும் மொராக்கோவையும் மீன்பிடி உரிமைகளையும் மேசையில் வைத்துப் பல மாதங்கள் பேரம் பேசி அதை உருவாக்கியவர்கள் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களான லான்ஸ்டவுனும் டெல்காசேயும் அவர்களுடைய தூதர்களும்தான். அரசரின் விருந்துகள் அந்தப் பேரத்தை எத்தனை மாதம் முன்னுக்குக் கொண்டுவந்தன என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. சில மாதங்களுக்கு மேல் இராது என்பது என் கணிப்பு.